முகப்பில் சாமான் பரப்பி விற்கலாமா? யோசனை சொல்லுங்கள்

வளவு வீட்டு ஆச்சி (கேள்வி)

எங்களுக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீடு. முழு வீடு அல்ல, ஏழு பங்காளிகளில் ஒரு பங்கு. வளவில் (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு) ஓர் அறை, மாடியில் ஓர் அறை, இரண்டாம் கட்டில் ஒரு சாமான் அறை. என் வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கே வந்தோம், ஒன்பது வருஷம் ஆயிற்று. இப்போது இரண்டு பேருக்கும் முழங்கால் பேசுகிறது. முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போய்வந்தால் கோவிலைச் சுற்றி வந்த மாதிரி இருக்கிறது. கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் பார்த்தாயிற்று. 940 சதுர அடி. சித்திரையில் குடி போக வேண்டும்.

பிரச்சினை அந்தச் சாமான் அறைதான். 1983-இல் என் கல்யாணத்துக்கு ஆத்தா வைத்த சாமான் அதில் இருக்கிறது. அதற்கு அடியில் என் மாமியார் கொண்டுவந்தது. அதற்கும் அடியில் மாமியாரின் மாமியார் கொண்டுவந்தது. என் சிட்டையை (சாமான் பட்டியல்) எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர் மட்டும் 60. நாங்கள் இருப்பது இரண்டு பேர், அதிலும் அவர் காபியைக் கண்ணாடி கிளாஸில்தான் குடிப்பார். அண்டா, தவலை, மங்குச் சாமான் (எனாமல் பூசியது), மரவை (அரக்குப் பூசிய மரப் பாத்திரம்), ஊறுகாய் ஜாடி, படிக்கம், ஐந்தடுக்குக் கேரியர், தேன்குழல் அச்சு ஐந்து (ஏன் ஐந்து என்று கேட்காதீர்கள்), பூட்டே திறக்காத இரண்டு டிரங்குப் பெட்டி.

போன மாதம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, மொத்தமாக 1,40,000 ரூபாய், நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்றார். வாய் பித்தளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் மூலையில் கிடந்த, விளிம்பு தெறித்த ஒரு மங்குக் கூஜாவை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். "அங்கெல்லாம் கராஜ் சேல் போடுவாங்க ஆத்தா. கார் நிறுத்துற இடத்துல மேஜை போட்டு, ஒவ்வொண்ணுலயும் விலைச் சீட்டு ஒட்டி, சனி ஞாயிறுல வித்துருவாங்க. ஒருத்தரும் வெட்கப்படறதில்லை" என்கிறாள். நம் வீட்டில் கராஜ் ஏது, முகப்பும் திண்ணையும்தான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முகப்பில் சாமான் பரப்புறது கல்யாணத்துக்கு. விக்கிறதுக்கு இல்லை" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

நான் கேட்க நினைப்பது: இப்படி யாராவது நம் ஊர்ப்பக்கம் செய்திருக்கிறீர்களா? விலை எப்படிப் போடுவது? பாத்திரத்தில் எல்லாம் விலாசம் (குடும்பப் பெயரெழுத்து) வெட்டியிருக்கிறதே, அதை என்ன செய்வது? எதையெல்லாம் விற்கவே கூடாது?

சாமான் கடைத் தம்பி

ஆச்சி, நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். என் பேச்சில் வியாபாரம் கலந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மொத்த விலை சொல்கிறவன் அறையில் இருக்கும் ஆயிரம் சாமானுக்கும் விலை சொல்லவில்லை. நாலைந்துக்கு மனதுக்குள் விலை போட்டுவிட்டான். மிச்சம் எல்லாம் அவனுக்குக் கொசுறு. நானும் அப்படித்தான் வாங்குவேன், பொய் சொல்லவில்லை. அந்தக் கூஜாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சுவீடன் நாட்டுக் கோக்கம்ஸ் கம்பெனி முத்திரை நம் ஊர் மங்குச் சாமானில் நிறைய உண்டு. முத்திரை தெளிவாக இருந்து, நிறம் மங்காமல் இருந்தால், கொஞ்சம் தெறித்திருந்தாலும் கேட்டு வருவார்கள். கம்பி நார் போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.

பித்தளையையும் விற்பதற்காகப் புளி போட்டுப் பளபளவென்று துலக்க வேண்டாம். பழசு தேடி வருகிறவனுக்கு அந்தக் கருப்புதான் வேண்டும். சமையலுக்கு வாங்குகிறவன் எப்படியும் ஈயம் பூசக் கொடுப்பான். பூச்சு போன பாத்திரம் என்றால் அதைச் சொல்லி விற்றுவிடுங்கள், புளிக்குழம்பை அதில் வைத்துவிட்டு நாளைக்கு உங்களைக் குறை சொல்லக் கூடாது. நசுங்கினது, ஓட்டை விழுந்தது இதெல்லாம் எடை. வடிவம் உள்ளது உருப்படிக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் சட்டம். யானைத் தந்தம் ஏதாவது இருந்தால், தாயக்கட்டையோ, சீப்போ, பல்லாங்குழியில் பதித்ததோ, வெளியே எடுக்காதீர்கள். எத்தனை பழசாக இருந்தாலும் விற்பது குற்றம். 100 வருஷம் தாண்டிய விக்கிரகம், சிற்பம், ஓவியம் இருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு வேண்டும். அந்த வயசுப் பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மகள் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ரவிவர்மா படம் இருக்கிறதா? இருந்தால் சட்டத்தைக் கழற்றாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். (வியாபாரம் கலந்திருக்கும் என்று முதலிலேயே சொன்னேன்.)

ஏழாம் பங்காளி

விலையெல்லாம் அப்புறம். எது உங்களுடையது என்று முதலில் பிரித்தீர்களா?

அவரவர் அறைக்குள் இருப்பது அவரவருடையது. வளவில், பட்டாலையில், பொது அறையில் இருப்பது பொது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன தலைமுறையில் யாரோ ஒருவர் ஒரு விசேஷத்துக்குப் பொது அண்டாவை எடுத்திருப்பார், திருப்பி வைக்க இடமில்லாமல் தன் அறையில் வைத்திருப்பார், காலமும் ஆகியிருப்பார். இப்போது அது யாருடையது?

எங்கள் வீட்டில் நடந்தது. படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் கும்பிடு) சோறு வடிக்கிற அண்டாவை ஒரு பங்காளி தன்னுடையது என்று நினைத்து எடைக்குப் போட்டுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அடுத்த படைப்புக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தோம். பதினொரு வருஷமாக இரண்டு வீடு பேசிக்கொள்வதில்லை. அண்டா போன விலை ஆறாயிரம் ரூபாய்.

படைப்புப் பேழையைத் தொடாதீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு, தூண், நிலை, முகப்பில் மாட்டிய கண்ணாடி இதையெல்லாம் யாராவது விலை கேட்டால் "வீட்டோடு சேர்ந்தது" என்று சொல்லி முடித்துவிடுங்கள். விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஏழு பேருக்கும் சேதி சொல்லி, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வராதவர்களுக்கு போட்டோ அனுப்புங்கள். பதில் வந்ததை அழிக்காமல் வைத்திருங்கள்.

கோட்டையூர் மருமகள்

எல்லோரும் பாத்திரத்தையே பேசுகிறீர்கள். அந்தத் திறக்காத டிரங்குப் பெட்டியில் காகிதம் இருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள் ஆச்சி?

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் சாமான் அறையைச் சுத்தம் செய்தார்கள். ரங்கூனிலிருந்து வந்த கடிதம், பேரேடு, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், இரண்டு சாக்கு. "கரையான்" என்று சொல்லி வெந்நீர் அடுப்பில் போட்டு மூன்று நாள் எரித்தார்கள். புதுப் பெண், வாயைத் திறக்கவில்லை. அந்த வெந்நீரில் நானும் குளித்தேன்.

இத்தனைக்கும் எங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா இதே மாதிரிக் காகிதங்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இப்போது அவர் பெயரிலேயே சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எதையும் எடைக்குப் போடும் முன் அங்கே ஒரு போன் செய்து கேளுங்கள்.

மொட்டை மாடி

ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் சாமான் விற்றால் "நொடிச்சுப் போயிட்டாங்க" என்று ஏன் சொல்கிறார்கள்? 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும், அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நம் ஆட்கள் போட்டது போட்டபடி வந்தார்கள். யுத்தம் முடிந்து சுதந்திரம் வந்த பிறகு அங்கே நிலமும் கையை விட்டுப் போனது. இங்கே வீடு அரண்மனை மாதிரி நின்றது, உள்ளே வருமானம் இல்லை. அப்போது விற்றவர்கள் ராத்திரியில், பின்கட்டு வழியாக, அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தி விற்றார்கள். எங்கள் அப்பத்தா சொல்வார், விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெட்டகம் போயிருக்குமாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்களாம். நம் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து இன்னொரு தெருவில் முடிவது அன்றைக்கு உதவியது.

நீங்கள் பட்டப்பகலில் முன்வாசலில் விற்கப் போகிறீர்கள். அதைப் பார்த்து யாரும் நொடித்துப் போனதாக நினைக்க மாட்டார்கள். பைத்தியம் என்று வேண்டுமானால் நினைப்பார்கள்.

வளவு வீட்டு ஆச்சி

எல்லோருக்கும் பதில் சொல்ல ஆறு வாரம் ஆகிவிட்டது. விற்றாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் பங்காளிகளுக்குச் சேதி சொன்னோம். ஒரு வீட்டுக்கு இரண்டு உருப்படி, விலை இல்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நான் வெள்ளி முலாம் பூசிய தாம்பாளத்துக்குச் சண்டை வரும் என்று பயந்து அதை ஒளித்துக்கூட வைத்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தனார் தேங்காய்த் துருவுமணையை எடுத்துக்கொண்டார். விமானத்தில் எப்படிக் கொண்டுபோனார் என்று இன்னும் தெரியாது. என் நாத்தனார் ஒரு படிக்கத்தைப் பிடித்துக்கொண்டு "இது எங்க அய்யா துப்புனது" என்றார். சரி, கொண்டு போங்கள் என்றேன். ஏழாம் பங்காளி சொன்ன மாதிரியே ஓர் அண்டா பொதுவோ எங்களுடையதோ என்று தெரியவில்லை. கழுத்தில் இருந்த விலாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், பெரிய பாட்டனார் விலாசம். பேசாமல் உருட்டிக்கொண்டுபோய் வளவு மூலையில் வைத்துவிட்டேன்.

குத்துவிளக்கு எதையும் விற்கவில்லை. சட்டத்துக்காக இல்லை, மாமியாருக்காக. மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, மிச்சம் எங்களோடு. நிலைவாசல் உயரம் உள்ள ஒன்றை 940 சதுர அடியில் எங்கே வைப்பது என்று மகன் கேட்டான். அது என் கவலை என்று சொல்லிவிட்டேன்.

மாசியில் ஒரு சனி, ஞாயிறு வைத்தோம். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பாத்திரம் வெளியே போவதில் எனக்குச் சம்மதமில்லை. விலைச் சீட்டு ஒட்டுவதற்கு மகள் சொன்ன பசைத்தாளை மங்குத் தட்டில் ஒட்டிப் பார்த்தேன், உரித்தால் பிசுபிசுப்பு போகவில்லை. அதனால் பழைய தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கம் விலை எழுதி, பூக்கட்டுகிற நூலால் கட்டினோம். சாமானைத் தூக்கி, துடைத்து, எண்ணி, சீட்டு கட்ட எங்கள் இரண்டு பேருக்கும் உதவிக்கு வந்த பெண்ணுக்கும் பதினோரு நாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. செய்ய நினைப்பவர்கள் இந்தப் பதினோரு நாளை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே ஆள் வந்துவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் போனது என்ன தெரியுமா? பிளாஸ்டிக் வாளி, மடக்குக் கட்டில், மிக்சி, இரண்டு குக்கர், கொசுவலை. விலை போடவே வேண்டாம், சும்மா ஓரமாக வை என்று நான் சொன்ன சாமான்! மரவையை எடுத்துப் பார்த்தவர்கள் "இது என்ன ஆச்சி, மரமா" என்று கேட்டுவிட்டு வாளியோடு போனார்கள்.

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை முழுக்கத் திண்ணையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். ஒரே பேப்பரை எத்தனை தடவை படித்தாரோ. சாயங்காலம் ஒரு கல்லூரிப் பையன் மரவையின் அரக்குப் பூச்சைப் பற்றிக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அவர் பேப்பரை மடித்தார். அதோடு சரி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்தான் கடை. யார் எதைத் தொட்டாலும் "உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா" என்று ஆரம்பிப்பார். கதையைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டவர்களுக்கு விலையை ஏற்றிச் சொன்னார். இரண்டு நல்ல கிராக்கி அப்படிப் போனது.

விலாசம் விஷயம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. அப்பச்சி (என் அப்பா) விலாசம் வெட்டிய தட்டு யார் வீட்டிலோ கிடக்கும் என்று. பட்டறையில் தேய்த்து எடுத்துவிடலாமா என்றுகூட விசாரித்தேன். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற ஓர் அம்மா எவர்சில்வர் தட்டு 40, டம்ளர் 60, மூன்று தவலை மொத்தமாக எடுத்தார். "பேரை அழிச்சுத் தரட்டுமா" என்று கேட்டேன். "அய்யய்யோ, பேர் இருந்தாத்தான் நல்லது. கல்யாண வீட்டுல பாத்திரம் மாறிப் போகாது" என்றார். ஆக, இனிமேல் சுற்றுவட்டாரத்தில் நடக்கிற பந்தி எல்லாம் எங்கள் அப்பச்சி பெயரில்தான்.

டிரங்குப் பெட்டிகளைப் பூட்டுக்காரரை வைத்துத் திறந்தோம். ஒன்றில் வெறும் ஓலைக் கொட்டான், தடுக்கு, உளுத்துப்போன பட்டு. இன்னொன்றில் கோட்டையூர் மருமகள் சொன்ன மாதிரியே காகிதம். பேரேடுகளும், கல்யாண அழைப்புகளும், ரங்கூன் கடிதம் ஒரு கட்டும். கடிதத்தை எங்கள் வீட்டுக்காரர் வைத்துக்கொண்டு தினம் இரண்டு படிக்கிறார், பாதி வட்டிக் கணக்கு, பாதி வயிற்று வலி. மிச்சத்தைப் பற்றி நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

மொத்தம் 1,81,300 ரூபாய் வந்தது, எடைக்குப் போட்டதையும் சேர்த்து. மொத்தமாகக் கேட்டவரை விட நாற்பத்தோராயிரம் அதிகம். பதினோரு நாள் கூலி, காபி, பந்தல், என் இடுப்புக்குத் தைலம் எல்லாம் கழித்தால் பெரிய லாபம் இல்லை. ஆனால் எது யார் வீட்டுக்குப் போனது என்று சிட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். ஆத்தா எழுதிய அதே சிட்டையில், ஒவ்வொரு வரிக்கும் எதிரில்.

விற்காதது பெட்டகம். விலை பேசி முன்பணம் வரை வந்தது. தூக்கிப் பார்த்தால் கதவுக்குள் நுழையவில்லை. அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிறார்கள் போல. அது அங்கேயே இருக்கட்டும், அடுத்த பங்குக்காரர் துணி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வெளியூர் வியாபாரியும் வந்தார், ஞாயிறு நாலு மணிக்கு. மற்ற எதையும் பார்க்கவில்லை. கூஜாவுக்கு 900 போட்டிருந்தேன். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

சாமான் கடைத் தம்பி

900-ஆ?

வளவு வீட்டு ஆச்சி

ஆமாம் தம்பி. அடியில் முத்திரை இருந்தது, கவிழ்த்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது, எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லையே.

சாமான் கடைத் தம்பி

குறை சொல்லாமல் பேரம் பேசாமல் ஒருத்தன் காசு எண்ணினால் அந்த இடத்திலேயே "இது விற்பனைக்கு இல்லை, தெரியாமல் சீட்டு கட்டிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும் ஆச்சி. சரி விடுங்கள். ரவிவர்மா படம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

வளவு வீட்டு ஆச்சி

சரஸ்வதி ஒன்று, சட்டத்தோடு இருக்கிறது. சமிக்கி தைத்தது. கோயம்புத்தூர் வருகிறாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், யாருக்காவது பயன்படுமா பாருங்கள். சாவிக்கொத்து மிச்சம். எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத 17 சாவி, சில சாவி ஒரு ஜாண் நீளம். எடைக்குப் போட அவர் விடமாட்டேன் என்கிறார். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் சாவி தொலைத்த பெட்டி வைத்திருப்பவர்கள் பங்குனி கடைசிக்குள் வந்தால் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். திறந்தால் சாவி உங்களுக்கு.